உன் படத்துக்கு நான் போட்ட மார்க்

கவரைப்பேட்டை,
24.11.2024, ஞாயிறு.

அன்பு மகன் விமலுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் உன் அக்கா ஷைனி குடும்பமும் இங்கே சுகம். நீயும் மருமகள் பூமிகாவும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் போன வாரம் அனுப்பிய போட்டோவில் இரண்டு பேருக்கும் கன்னம் உப்பியிருக்கிறது, பின்னால் நிற்கிற காரும் பளபளவென்று இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. போனில் சொல்லாமல் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் 'ஒரு நிமிஷம்மா' என்று வேறு யாரிடமோ பேசப் போய்விடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

இங்கே மழை நன்றாகவே அடித்தது. பின்னறைச் சுவர் ஊறிப்போய் என் படப் பெட்டிகளில் கீழ் வரிசை முழுதும் நனைந்துவிட்டது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு சினிமா டிஸ்க், ஒன்று விடாமல் வெளியே எடுத்துத் துடைத்துக் காயவைத்தேன். காயவைப்பது நம் ஊரில் லேசான வேலையா, கொடியில் போட்ட வெள்ளைத் துணியே உருக்காலைக் கரி படிந்து சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வருகிறது, டிஸ்க் எந்த மூலைக்கு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூன்று வாரமாக இதே வேலை. ஷைனி பொன்னேரியிலிருந்து உதவிக்கு வந்தாள். உதவி என்றால், நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'இதெல்லாம் இன்னும் எதுக்கும்மா வச்சிக்கினு கீற, எல்லாம் போன்லயே கெடைக்குது, கடாசிட்டு ரூம காலி பண்ணு' என்று சொல்வது. அவளுக்கு அந்த அறை வேண்டும். மாப்பிள்ளை அன்பு நைட் ஷிப்ட் முடிந்து இங்கே இறங்கினால் தூங்குவதற்கு அமைதியான இடம் வேண்டுமாம். மாப்பிள்ளை தூங்குகிறார், எழுந்தால் சாப்பிடுகிறார், இரண்டுக்கும் நடுவில் பேச அவரிடம் எதுவும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை, முப்பத்தைந்து மார்க், பாஸ். ஷைனி உடம்பு வைத்துவிட்டாள், மூட்டு வலி என்கிறாள், நாலு தெரு நடந்தால் போய்விடும் என்றேன், அதற்கு ஒரு அழுகை. எடுத்ததற்கெல்லாம் அழுவது உன் அப்பா பக்கத்திலிருந்து வந்தது, என்னிடமிருந்து வரவில்லை.

துடைத்ததோடு விடாமல், இருக்கிற படம் எல்லாவற்றையும் மறுபடியும் வகை பிரித்து மறுபடியும் மார்க் போட்டேன். பழைய நோட்டு நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது, புது நோட்டு போட்டிருக்கிறேன். பெட்டிகள் அதேதான், குடும்பம், அழுகை, சிரிப்பு, அடிதடி, துப்பறிவது, பேய், சாமி, மாயாஜாலம். எந்தப் படம் எந்தப் பெட்டி என்பதற்கு என் சட்டமும் அதேதான், கடைசிக் கால்மணி நேரம் என்ன நடக்கிறதோ அதுதான் அந்தப் படத்தின் வகை. போஸ்டரில் என்ன போட்டிருக்கிறான் என்பதை நான் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் போலீஸும் துப்பாக்கியுமாக ஓடிவிட்டு முடிவில் வில்லன் தலையில் கோயில் வாசலில் இடி விழுந்தால் அது அடிதடிப் படம் இல்லை, சாமிப் படம். இருபத்தேழு வருஷம் சிப்காட்டில் வால்வு வார்க்கிற ஃபவுண்டரியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவள் நான். வெளியே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் கடைசியில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் அது வால்வா ஓட்டைச் சட்டியா என்று தெரியும். உனக்குப் பத்து வயதில் ஒரு பேய்ப் படத்துக்கு அறுபது மார்க் போட்டாய். ஏன் என்று கேட்டால் 'பயந்துட்டேம்மா' என்றாய். நீ பயந்தது கரண்ட் போனதுக்கு, படத்துக்கு இல்லை என்று சொல்லி அந்த அறுபதை அடித்துவிட்டு இருபத்திரண்டு போட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய், நான் ஒரு மார்க்கும் ஏற்றவில்லை. இந்த முறை முப்பத்தைந்துக்குக் கீழே போனவை நூற்று நாற்பது. ஃபவுண்டரியில் ரிஜெக்ட் ஆன பீஸைச் சிவப்புப் பெயிண்ட் அடித்து அன்றைக்கே சுத்தியலால் உடைத்துவிடுவோம், இல்லையென்றால் எவனாவது நல்ல பீஸோடு திரும்பக் கலந்துவிடுவான். அதே மாதிரி நூற்று நாற்பதையும் ஆணியால் கீறிவிட்டேன். பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற வரதன் அதையெல்லாம் எடுத்துப் போய்த் தன் நிலத்தில் குருவி விரட்டக் கட்டியிருக்கிறான், அதற்காவது உதவட்டும்.

இந்த வேலைக்கு நடுவில்தான் நீ எடுத்த படம் போனில் வந்து சேர்ந்தது. வரதன் அதை இறக்கிப் பென் டிரைவில் போட்டு டிவியில் மாட்டிக் கொடுத்தான். போன ஞாயிறு கோயில் முடிந்து வந்து பார்த்தோம், நான், ஷைனி, மாப்பிள்ளை, வரதன், அப்புறம் அப்பாவோடு ரோலிங் மில்லில் ஒரே ஷிப்டில் வேலை செய்த கலியன். நாற்பத்தெட்டு நிமிஷம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். சத்தம் தெளிவாக இருந்தது. இப்போது மற்றதைக் கேள். உன் படத்தில் நம் தெருப் புழுதி செம்மண் நிறத்தில் பறக்கிறது. நம் தெருப் புழுதி கறுப்பு, மில் கரி கலந்தது, அதில் புரண்டுதான் நீ வளர்ந்தாய், வெளிநாடு போன ஏழு வருஷத்தில் நிறம் மறந்துவிட்டது. அப்பாவாக நடித்தவர் யார், பல் டாக்டரா. டம்ளரைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் தனியாக நிற்கிறது. முப்பது வருஷம் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்தவன் சுண்டுவிரல் அப்படி நீளாது, அது மடங்கினது மடங்கினதுதான், நீ ஒரு நாளும் அந்தக் கையைப் பார்த்ததில்லையா. என் வேஷத்தில் மருமகளைப் போட்டிருக்கிறாய். படம் முழுக்கத் தலையைக் குனிந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு முந்தானையைக் கடிக்க நேரம் இருந்ததே இல்லை, ஷிப்டுக்குச் சேலைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடினவள் நான். அழுகிற காட்சியில் அவள் கண் மட்டும் நனைகிறது, மூக்கு நனையவில்லை. நிஜமாக அழுகிறவளுக்கு முதலில் மூக்குதான் ஒழுகும். பூமிகா நன்றாகச் சமைக்கிறாள் என்று சொன்னாய், அதையே செய்யட்டும். இந்த வரியை மறைக்காமல் அவளுக்குப் படித்துக் காட்டு.

ஷைனி முதல் நிமிஷத்திலிருந்தே அழுதாள், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. மாப்பிள்ளை தூங்கினார். கலியன் மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் காட்சி ஆரம்பித்ததும் எழுந்து செருப்பைத் தேடினார். 'இன்னா கலியன்னா, படம் இன்னும் முடியலையே' என்று வரதன் கேட்டான். 'நான் அங்கதாம்பா இருந்தேன், எனக்குக் கதை தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

இப்போது உன் படத்தின் கடைசிக் கால்மணி நேரத்துக்கு வருகிறேன். மகன் மழையில் நனைந்துகொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் ஓடி வருகிறான். அப்பா கண்ணைத் திறந்து 'வந்துட்டியா' என்கிறார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவர் மகன் தலையில் கையை வைத்து, 'நீ பெரிய ஆளா வருவே' என்று சொல்லிக் கண்ணை மூடுகிறார். வயலின் வாசிக்கிறார்கள். அழகாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், ஒன்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. 2015 ஆகஸ்ட், வியாழக்கிழமை காலை, சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து பெங்களூருக்கு உன் போனுக்கு அடித்தேன். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, கிளம்பி வா என்றேன். 'தோ கெளம்பறம்மா' என்றாய். நான் போய் அவரிடம் விமல் கிளம்பிவிட்டான் என்று சொன்னேன். உன் வார்த்தையை நம்பிச் சொன்னது, அதுதான் நான் செய்த தப்பு. அவருக்கு ரயில் என்றால் பைத்தியம், யார் எங்கே கிளம்பினாலும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் 'இப்ப எங்க கீறான்' என்றார். பங்காருப்பேட்டை தாண்டிவிட்டான் என்றேன். சாயங்காலம் உனக்குப் பத்து தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. ஜோலார்பேட்டை என்றேன். வெள்ளிக்கிழமை எடுத்தாய், 'ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டேன்றாங்கம்மா, ஞாயித்துக்கெழம வந்துடறேன்' என்றாய். நான் அவரிடம் போய், ஆம்பூர் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். ஊசி மருந்தில் அவருக்கு எது பகல் எது ராத்திரி என்று குழம்பிப்போயிருந்தது, அதனால் நம்பினார். அப்புறம் காட்பாடி, அப்புறம் வாலாஜா ரோடு, அரக்கோணம். சனிக்கிழமை மத்தியானம் திருவள்ளூர் வரைக்கும் உன்னைக் கொண்டுவந்துவிட்டேன். 'திருவள்ளூர்ல இவ்ளோ நேரம் வண்டி நிக்காதே, சிக்னல் போடலையா' என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றேன். ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர். சென்ட்ரலுக்குள் விடாமல் பேசின் பிரிட்ஜில் எல்லா ரயிலையும் நிறுத்துவார்களே, அங்கே உன்னை முக்கால் மணி நேரம் நிறுத்தினேன். அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் ஸ்டேஷன் இல்லை. ஐந்து நாற்பதுக்கு உயிர் போனது. ஷைனிக்கு எட்டாம் மாதம், அவளால் வர முடியவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது, மூன்று நாளும் அதில் யாரும் உட்காரவில்லை. நான் உட்காரச் சொன்னபோதெல்லாம் கலியன் 'பையன் வந்தா உக்காரட்டும்மா' என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தார்.

ஞாயிறு மத்தியானம் வந்தாய். பெட்டியை மூடுவதற்கு முன் முகம் பார்த்தாய், அழுதாய், மூக்கு ஒழுகித்தான் அழுதாய், அது நிஜம், நான் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் உன் துணியைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் ஒரு சின்ன நோட்டும் கழுத்தில் மாட்டுகிற பாஸும் இருந்தன. உலகப் படங்கள் காட்டுகிற ஏதோ விழா, பெங்களூரில், பத்து நாள். ஆபீஸ் லீவு தராமல் இல்லை, நீ முன்னாலேயே பத்து நாள் லீவு வாங்கியதை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்திருந்தாய். நோட்டில் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது, படத்தின் பெயர், பெட்டி, மார்க். வியாழக்கிழமை மூன்று படம். வெள்ளிக்கிழமை நான்கு. சனிக்கிழமை ஐந்து மணிக் காட்சிக்கு நேராக எழுதியிருந்தாய், குடும்பம், தொண்ணூற்றொன்று, கடைசிக் கால்மணி நேரம் அழுதுவிட்டேன் என்று. அந்தக் கால்மணி நேரம் ஓடியபோது இங்கே அவர் கால் கட்டை விரலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டைப் படித்து முடித்துவிட்டு உன் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, உன்னிடம் கொடுத்தேன். நோட்டு எங்கே என்று நீயும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் இரண்டு தடவை நான் பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டேன், இரண்டு தடவையும் நீ ஓடி வந்து பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்து நாஷ்டா கேட்டுக்கொண்டிருந்தார், மூன்றாவது தடவை நம்பவில்லை என்று நீ சொல்லலாம். அதுவும் உண்மைதான். நம்பாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தவன் கதையை எடுத்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு குடும்பப் பெட்டியில் வைத்திருப்பேன், மார்க்கும் தாராளமாக விழுந்திருக்கும். நீ எடுத்தது அது இல்லை. வராதவன் வந்து நிற்கிறான், செத்தவன் மன்னித்து ஆசீர்வாதமும் செய்கிறான், இது இரண்டும் நடக்கிற பெட்டி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மாயாஜாலத்தில் வைத்திருக்கிறேன், பறக்கிற கம்பளத்துக்கும் பேசுகிற பாம்புக்கும் நடுவில். அறுபத்து நான்கு மார்க். அந்தப் பெட்டிக்கு அது நல்ல மார்க்தான், கம்பளத்துக்கே ஐம்பத்தொன்றுதான் கிடைத்தது. குடும்பத்தில் வைத்திருந்தால் ஒன்பது போட்டு ஆணியால் கீறியிருப்பேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஜனவரி பதினெட்டு உங்கள் ஊர் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் படத்தைப் போடுகிறார்கள், முந்நூறு பேர் வருவார்கள், படத்துக்கு முன்னால் நான் ஒரு நிமிஷம் பேசுகிற வீடியோ வேண்டும், அதற்கப்புறம் 'உண்மைச் சம்பவம், என் அம்மா ஞானம்மாவுக்கு' என்ற எழுத்து வரும் என்றாய். 'நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம்மா, இது எங்க ஊட்ல நடந்த கதைன்னு மட்டும் சொல்லு, ஜனங்க அதுலயே அழுதுடுவாங்க' என்றாய். ஷைனியும் நாலு நாளாக அதே பாட்டு, 'ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னாம்மா கொறஞ்சிடப்போவுது, அவன் பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்'. உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது என்னை இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து லோடிங்கில் இரண்டு வருஷம் வெயிலில் நிற்கவைத்தார்கள், எதற்கென்று நீ கேட்டதே இல்லை. முந்நூறு வால்வு, உள்ளே காற்றுக் குமிழி, வெளியே தெரியாது, லாரி வாசலில் நிற்கிறது. டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் கையெழுத்து மட்டும் போடு ஞானம்மா, யார் உடைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று மேனேஜர் கெஞ்சினார், அப்புறம் கத்தினார். நான் போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள், லாரி போய்விட்டது, நான் வெயிலுக்குப் போனேன். யாரோ முகம் தெரியாத ஊருக்குப் போகிற வால்வுக்கே போடாத கையெழுத்தை, உன் அப்பா சாவுக்குப் போடச் சொல்கிறாய்.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய், பெற்றவள் முகத்தைக் காட்டவில்லை என்று உன்னை அங்கே யாரும் பேசக்கூடாது. அதனால் நேற்று வரதனை வரச்சொல்லி, அந்தப் பின்னறையிலேயே உட்கார்ந்து வீடியோ எடுத்துவிட்டேன். நான் பேசினதை அப்படியே எழுதுகிறேன். 'என் பேரு ஞானம்மா. இந்தப் படத்துல வர்ற அம்மா நான்தான். அவரு உசுரு போற நேரத்துல பையன் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கினு இருக்கற மாதிரி காட்டுவாங்க. அவன் வரல. மத்ததெல்லாம் எங்க ஊட்ல நடந்ததுதான்.' இவ்வளவுதான், பதினெட்டு விநாடி. வரதன் கேமராவை இறக்கிவிட்டு 'அக்கா, இன்னொரு தபா எடுக்கலாமா' என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தப் பென் டிரைவ் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. போட்டால் வெட்டாமல் முழுதாகப் போடு. போட மனம் வரவில்லையென்றால் உண்மைச் சம்பவம் என்ற எழுத்தை எடு, அதற்குக் கீழே இருக்கிற என் பெயரையும் எடு, அப்புறம் வயலின் வாசித்துக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். இரண்டில் ஒன்றுதான், மூன்றாவதாக எதையாவது யோசித்துக்கொண்டு எனக்கு போன் பண்ணாதே.

குளிர் அதிகம் என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, பூமிகாவுக்குச் சளி பிடித்தால் மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. உங்கள் இரண்டு பேரையும் கர்த்தர் ஆசீர்வதித்துக் குறையில்லாமல் காப்பாற்றட்டும், சீக்கிரம் ஒரு பிள்ளையைக் கொடுக்கட்டும். மனதார எழுதுகிறேன். ஆண்டவர் எல்லோரையும் மன்னிக்கிறார் என்று பாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார், அது ஆண்டவருடைய வேலை, அதில் நான் தலையிடுவதில்லை. அன்றைய விழாவை போனில் நேராகக் காட்டுவார்களாம், வரதன் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான், கலியனையும் கூப்பிட்டிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
சு. ஞானம்மா.